வாத்துக் குஞ்சின் இதயத்தில் வெள்ளை மாவு: இது வெள்ளைக் கழிச்சல் அல்ல

கேள்வி: சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பில், பாம்புக் காவலுக்காகக் கூஸ் வாத்து வளர்க்கிறேன். இந்த முறை பொரித்த 14 குஞ்சுகளில், பத்தாம் நாள் தொடங்கி ஐந்து இறந்துவிட்டன. சோர்ந்து உட்காருகின்றன, நொண்டுகின்றன. எச்சம் சுண்ணாம்புத் தண்ணீர் போல் இருக்கிறது. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். இதயம், ஈரல் எல்லாம் வெள்ளை மாவு. வெள்ளைக் கழிச்சல் என்று லசோட்டா சொட்டு மருந்து விட்டும் பலனில்லை. தீவனம், கோழிகளுக்கு வாங்கிய முட்டைக்கோழித் தீவனம்தான். என்ன செய்யலாம்?

பதில்: அறுத்துப் பார்த்தீர்களே, பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. (அடுத்த முறை கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் அபாயம் உண்டு.) வெள்ளைக் கழிச்சலில் எச்சம் வெளுக்கும், இதயத்தின் மேல் மாவு படியாது. நீங்கள் பார்த்தது யூரேட், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பு. மனிதருக்குக் கால் பெருவிரலில் வரும் கௌட் வாதத்துக்கு இது பங்காளி.

பறவையின் ஈரல், புரதத்தில் மிஞ்சும் நைட்ரஜனை யூரிக் அமிலமாக்குகிறது. சிறுநீரகம் அதை இரத்தத்திலிருந்து பிரித்து வெளியே தள்ளுகிறது. எச்சத்தின் மேல் நாம் பார்க்கும் வெள்ளைத் தொப்பி அதுதான். சிறுநீரகம் கெட்டால் அமிலம் இரத்தத்திலேயே தேங்கி, உறுப்புகளின் மேலும் மூட்டுகளிலும் படிகிறது. நொண்டுவதற்குக் காரணம் இதுவே.

சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? மூன்று வார வயதுக்குள் இப்படிக் கொத்தாக இறந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஆஸ்ட்ரோ வைரஸ். சீனாவின் வாத்துப் பண்ணைகளில் 2016-17 முதல் குஞ்சுகளைக் கொன்றுவரும் கிருமி அது. சிறுநீரகத்தைத் தாக்குவதோடு நிற்காமல், மண்ணீரலிலும் கழிவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்னும் சிறு பையிலும் உள்ள நோய்த்தடுப்பு உயிரணுக்களை அழிக்கிறது. குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி பழகும் பள்ளிக்கூடமே அந்தப் பைதான். அது சிதைந்தபின் ஈகோலி போன்ற சாதாரணக் கிருமிகூட உள்ளே நுழைந்துவிடும். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு: செத்த அணுக்களின் கருவிலுள்ள பொருளும் ஈரலில் யூரிக் அமிலமாகத்தான் மாறுகிறது. வரத்து கூடுகிறது, வாய்க்கால் அடைபட்டிருக்கிறது.

ஆனால் எல்லாப் பழியையும் வைரஸ் மேல் போட மாட்டேன். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 3.5 சதவீதம், குஞ்சுக்கு 1 சதவீதமே தாராளம். அந்த மிகுதி ஒன்றே சிறுநீரகத்தைக் கெடுக்கப் போதும். பூஞ்சை பிடித்த தீவனமும், தண்ணீர்த் தட்டுப்பாடும் அப்படித்தான்.

இந்த வைரஸுக்கு மருந்து கிடையாது. இன்றே தீவனத்தை நிறுத்துங்கள். நான்கைந்து நாள் கம்புக் குருணையும் பொடியாக நறுக்கிய அருகம்புல்லும் போதும். பிறகு பூஞ்சையில்லாத குஞ்சுத் தீவனத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் இரவிலும் எட்டும் இடத்தில், அலகு முழுவதும் முங்கும் ஆழத்தில் இருக்கட்டும். இரவில் விளக்குச் சூடு தேவை. குளிரில் ஒடுங்கும் குஞ்சு தண்ணீர்ப் பக்கமே போகாது. சமையல் சோடாவைக் கலக்காதீர்கள், அளவு மீறினால் அதுவும் சிறுநீரகத்துக்கே வினை. மருந்துக் கடையில் கேட்டு ஜென்டாமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் போடவே கூடாது, அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கிருமி எச்சம் வழியாகப் பரவுகிறது. முட்டை வழியாகவும் பரவும் என்பதற்குச் சான்று உண்டு. எனவே சோதனை முடிவு வரும்வரை அதே தாய் வாத்துகளின் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். கூளத்தை அள்ளிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நோயுற்ற குஞ்சுகளைக் கடைசியாகக் கவனியுங்கள்.

வைரஸா தீவனமா என்பதை ஆய்வகத்தில்தான் உறுதிசெய்ய முடியும். இனி ஒன்று இறந்தால் புதைக்காமல், பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்து, மதுரையிலுள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அன்றே எடுத்துச் செல்லுங்கள். கூடவே ஒரு கைப்பிடித் தீவனமும் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்த சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் சரியாகப் பார்க்க முடியாது.