ஸ்கேனில் 'கோலின்' கூடினால் புற்றுநோய்தானா?

கேள்வி: காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பச்சிக்கு வயது 61. திடீரென்று வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ.யில் மூளையில் கட்டி மாதிரி தெரிகிறது என்றார்கள். அப்புறம் எடுத்த ஸ்பெக்ட்ரோஸ்கோபி ரிப்போர்ட்டில் 'கோலின்/என்.ஏ.ஏ. 2.3' என்று இருக்கிறது. இது புற்றுநோயா? ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதுபோல இத்தனை மில்லிகிராம் என்று ஏன் சொல்வதில்லை?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள் அம்மா.

உங்கள் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கும். அதுபோல மூளையைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள ரசாயனப் பொருள்களைச் சிகரங்களாகக் காட்டும் ஒரு வரைபடம் வாங்குகிறது இந்த ஸ்பெக்ட்ரோஸ்கோபி பரிசோதனை. கோலினும் என்.ஏ.ஏ.வும் அப்படிப்பட்ட பொருள்கள். என்.ஏ.ஏ. நரம்பு செல்லின் அடையாளம். செல் அழிந்தால் குறையும். செல்கள் வேகமாகப் பெருகும் இடத்தில் கோலின் ஏறும். அப்பச்சிக்கு இந்த விகிதம் கூடியிருப்பதால்தான் டாக்டர் புற்றுக்கட்டியோ என்று யோசிக்கிறார்.

ஆனால் காசநோய்க் கட்டியிலும் என்.ஏ.ஏ. குறையும், கோலின் ஓரளவு ஏறலாம். அதில் கொழுப்பின் சிகரம் உயர்ந்து நிற்பதுதான் முக்கியத் தடயம். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. உள்ளே அழுகிய புற்றுக்கட்டியிலும் கொழுப்பு தெரியும். ஓரக் கட்டங்களில் தலைத்தோலின் கொழுப்பே கலந்துவிடும்.

மில்லிகிராம் கணக்குக்கு வருகிறேன். மூளையில் தண்ணீர் தரும் சிக்னல், இந்தப் பொருள்கள் தருவதைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது. அதை அடக்கிவிட்டுத்தான் இவற்றைப் பார்க்கவே முடியும். உண்மையான அளவு வேண்டுமென்றால் அதே தண்ணீரைத் தனியாக அளந்து ஒப்பிட வேண்டும். கட்டத்துக்குள் மூளைநீர் எவ்வளவு புகுந்திருக்கிறது என்றும் கழிக்க வேண்டும். அன்றாட ஆஸ்பத்திரி வேலையில் இவ்வளவுக்கு நேரம் இருக்காது. அதனால் விகிதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு சென்டரில் வந்த 2.3-ஐ வேறொரு மெஷினின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

ரிப்போர்ட்டில் 'கிரியாட்டின்' என்று பார்த்துக் கிட்னி கெட்டுவிட்டதோ என்று பயந்து என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு. கிட்னிக்குப் பார்ப்பது கிரியாட்டினின். இது மூளையில் இந்தப் பரிசோதனை காட்டும் இன்னொரு பொருள், வேறு.

டாக்டரிடம் இரண்டு கேளுங்கள்: கொழுப்புச் சிகரம் இருந்ததா? பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) தேவையா? எடுப்பதானால், கோலின் அதிகமாக உள்ள கட்டத்தைக் குறிவைத்து எடுக்க இந்த வரைபடம் உதவும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பரிசோதனையில் கதிர்வீச்சு கிடையாது. மறுபடி எடுக்கச் சொன்னாலும் பயமில்லை. கடுக்கன், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, தலையை அசைக்காமல் படுத்திருக்கச் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விட்டுவிடாதீர்கள்.