இன்டர்மீடியட் அல்ஜீப்ரா: எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கம் இருக்கிறேன். எச்-4 விசா (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது). பிளஸ் டூவில் கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவு, பிறகு பி.காம். படிப்பை விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. நர்சிங் சேரலாம் என்று கம்யூனிட்டி காலேஜில் விசாரித்தால், முதலில் இன்டர்மீடியட் அல்ஜீப்ரா (இடைநிலை இயற்கணிதம்) முடிக்கச் சொல்கிறார்கள். தவிர்க்க வழி உண்டா? இல்லையென்றால் எப்படித் தயாராவது? ஆன்லைனில் எடுக்கலாமா?

பதில்: நர்சிங்குக்கு உங்களிடம் கேட்கப்படும் கணிதப் பாடம் புள்ளியியல்தான். வாஷிங்டனின் கம்யூனிட்டி காலேஜ்களில் அதற்குப் பொதுவான எண் உண்டு: மேத்& 146. நடுவே வரும் அந்த ‘&’ குறி, எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான பாடம் என்பதற்கு அடையாளம். இன்டர்மீடியட் அல்ஜீப்ரா அதற்குள் நுழைவதற்கான படி. பெரும்பாலும் 98, 99 என்று நூறுக்குக் கீழே எண் போட்டிருப்பார்கள். நூறுக்குக் கீழே என்றால், நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது அந்த கிரெடிட் கணக்கில் வராது. பணமும் ஒரு குவார்ட்டரும் (பதினொரு வாரப் பருவம்) செலவாகும், ஆனால் பட்டத்தில் ஒரு அங்குலமும் நகராது. அதனால் தவிர்க்க முடியுமா என்று முதலில் பார்ப்பது சோம்பேறித்தனம் இல்லை.

மூன்று வழிகளை இந்த வரிசையில் விசாரியுங்கள். பி.காமில் வணிகப் புள்ளியியல் என்று ஒரு தாள் எழுதியிருப்பீர்கள். மதிப்பெண் பட்டியலை டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற நிறுவனம் ஒன்றில் மதிப்பீடு செய்யக் கொடுக்கும்போது ‘பாடவாரி’ அறிக்கை கேட்டு வாங்குங்கள். பட்டம் எதற்குச் சமம் என்று மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை இதற்கு உதவாது. கூடவே அந்த ஆண்டின் பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: நர்சிங் பிரிவுகள் பலவும் பழைய பாடங்களுக்குக் காலக்கெடு வைத்திருக்கின்றன. பதினைந்து வருடத்துக்கு முந்தைய தாளைப் புள்ளியியலுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் கணிதத் துறை அதையே பார்த்து அல்ஜீப்ராவுக்கு விலக்கு தரக்கூடும். இரண்டும் வெவ்வேறு மேசைகளில் எடுக்கப்படும் முடிவுகள். அட்வைசர் ‘முடியாது’ என்றால் கணிதத் துறையிலும் ஒரு முறை கேளுங்கள்.

இரண்டாவது, எந்த வகுப்பில் சேரலாம் என்று பார்க்கும் நிலைத்தேர்வு. அலெக்ஸ் என்ற கணினித் தேர்வை வைத்திருக்கும் கல்லூரி என்றால், அதிகபட்சம் 30 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 100 வரை. நீங்கள் போடும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும். பெரும்பாலானவை விடையை நீங்களே உள்ளிட வேண்டியவை, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அல்ல. ‘இதை இன்னும் படிக்கவில்லை’ என்று ஒரு பொத்தான் இருக்கும். தெரியாததற்கு அதைத் தயங்காமல் அழுத்துங்கள். குருட்டாம்போக்கில் சரியாகிவிட்டால் தகுதிக்கு மேற்பட்ட வகுப்பில் போய் உட்கார்ந்து திண்டாட வேண்டிவரும். முதல் முறை எழுதிய பிறகு, எங்கே ஓட்டை என்று காட்டும் பயிற்சிப் பகுதி திறக்கும். அதில் சில மணி நேரம் உழைத்துவிட்டு மறுபடி எழுதலாம். பலர் ஒரே முறையோடு விட்டுவிடுகிறார்கள், நஷ்டம் அங்கேதான்.

மூன்றாவது, சில கல்லூரிகள் புள்ளியியலையும் அதற்குத் துணையான ஒரு வகுப்பையும் சேர்த்து ஒரே குவார்ட்டரில் நடத்துகின்றன. உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் பக்கத்துக் கல்லூரியில் கேளுங்கள். ஒரு கல்லூரி கொடுத்த கணித நிலையை இன்னொன்று ஏற்கும் ஏற்பாடு இந்த மாநிலத்தில் உண்டு, ஆனால் நீங்களாகக் கேட்க வேண்டும்.

(வேறு மாநில வாசகர்களுக்கு: கலிஃபோர்னியாவில் 2017-இல் கையெழுத்தான ஏ.பி. 705, 2022-இன் ஏ.பி. 1705 ஆகிய சட்டங்களுக்குப் பிறகு பெரும்பாலானோரை நேராகப் பல்கலைக்கழக நிலை வகுப்பிலேயே சேர்க்கிறார்கள். டெக்சாஸில் டி.எஸ்.ஐ. என்ற நிலைத்தேர்வில் கணிதத்துக்கு 950 எடுத்தால் போதும். அதற்குக் குறைந்தாலும் துணை வகுப்போடு சேர்த்தே படிக்கலாம்.)

மூன்று வழியும் அடைபட்டால் வகுப்பில் சேர வேண்டியதுதான். பயப்பட அவ்வளவு இல்லை. மூன்று மாறிச் சமன்பாடுகள், காரணிப்படுத்தல், விகிதமுறு கோவைகள், இருபடிச் சமன்பாடு: இவை தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் இயற்கணித அத்தியாயத்திலேயே இருக்கின்றன. புதிதாக வருவது மடக்கை, கலப்பெண்கள், பின்ன அடுக்குகள், விடையை இடைவெளிக் குறியீட்டில் எழுதும் வழக்கம். நேர்கோட்டுச் சமன்பாட்டில் நாம் ‘சி’ போடும் இடத்தில் இங்கே ‘பி’ போடுவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இந்த வகுப்பில் தோற்பவர்கள் பெரும்பாலும் மடக்கையில் தோற்பதில்லை. பின்னத்திலும் கழித்தல் குறியிலும்தான் தோற்கிறார்கள். கால்குலேட்டர் இல்லாமல் இந்த நான்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள். தெரியாத எண்ணை இங்கே ‘ப’ என்று வைத்திருக்கிறோம்.

3/4 − 5/6
2/3 ÷ 4
−3² எவ்வளவு, (−3)² எவ்வளவு?
5 − 2(ப − 4) = 1

விடைகள்: −1/12; 1/6; −9, 9; ப = 6. கடைசிக் கணக்கில் 13/3 வந்திருந்தால், ஐந்திலிருந்து இரண்டை முதலில் கழித்துவிட்டீர்கள். இரண்டு தப்பு வந்தால், குவார்ட்டர் தொடங்க ஆறு வாரம் முன்பே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் பின்னமும் குறியும் மட்டும், வேறொன்றையும் தொடாதீர்கள். ஓப்பன்ஸ்டாக்ஸின் இன்டர்மீடியட் அல்ஜீப்ரா புத்தகம் இணையத்தில் இலவசம். முதல் அத்தியாயம் இதற்காகவே எழுதப்பட்டது.

பிறகு காரணிப்படுத்தல். அடுத்து வருகிற பாதிப் பாடம் இதன் மேல்தான் நிற்கிறது. 6ப² + 11ப − 10 என்று வந்தால், இரு ஓர எண்களைப் பெருக்குங்கள்: −60. பெருக்கினால் −60-உம் கூட்டினால் 11-உம் வரும் ஜோடி 15, −4. நடு உறுப்பை உடைத்தால் 6ப² + 15ப − 4ப − 10. இரண்டிரண்டாக எடுத்தால் 3ப(2ப + 5) − 2(2ப + 5), அதாவது (3ப − 2)(2ப + 5). ஒரு கணக்கு ஒரு நிமிடத்துக்குள் முடியும்வரை பயிற்சி செய்யுங்கள். விகிதமுறு கோவைக் கணக்கு ஒன்றில் இதை நான்கு முறை செய்ய வேண்டிவரும். அங்கே தடுமாறினால் தேர்வில் நேரம் போய்விடும்.

விகிதமுறு கோவைகளில் இரண்டு பிழைகள் ஓயாமல் வரும்.

(ப² − 9)/(ப² − ப − 6) என்பதில் மேலும் கீழும் ப² இருக்கிறதே என்று அடித்துவிடுவது முதலாவது. பெருக்கலாகச் சேர்ந்திருப்பதைத்தான் அடிக்கலாம், கூட்டலில் நிற்பதை அடிக்கக் கூடாது. காரணிப்படுத்தினால் (ப − 3)(ப + 3)/(ப − 3)(ப + 2), ஆகவே (ப + 3)/(ப + 2). சந்தேகம் வந்தால் ப = 4 போடுங்கள். மூலக் கோவையும் 7/6, சுருக்கியதும் 7/6. ப²-ஐ அடித்தவருக்கு 9/10 வரும். இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தேர்வுத்தாளின் ஓரத்தில் செய்யப் பழகுங்கள்.

இரண்டாவது பிழை கழித்தலில். 5/(ப − 1) − (ப − 3)/(ப − 1) என்றால் மேலே 5 − ப + 3, அதாவது 8 − ப. அடைப்புக்குறி போடாமல் எழுதுபவர்களுக்கு 2 − ப வரும்.

வர்க்கமூலச் சமன்பாட்டில் பொறி வேறு மாதிரி. √(ப + 7) = ப − 5. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் ப² − 11ப + 18 = 0. ப = 9, ப = 2. இங்கேயே நிறுத்தினால் பாதி மதிப்பெண். 9-ஐப் போட்டால் இருபுறமும் 4, சரி. 2-ஐப் போட்டால் இடப்புறம் 3, வலப்புறம் −3. வர்க்கப்படுத்தும்போது 3-உம் −3-உம் ஒன்றாகிவிடுவதால் இல்லாத விடை உள்ளே நுழைகிறது. விடை 9 மட்டும்.

நேரத்துக்கு வருவோம். குவார்ட்டர் என்பது இறுதித் தேர்வோடு சேர்த்துப் பதினொரு வாரம், பாடம் பெரும்பாலும் 5 கிரெடிட். வகுப்பில் வாரம் 5 மணி நேரம், வீட்டில் 10. கிட்டத்தட்ட வாரம் ஒரு அத்தியாயம் ஓடும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு வகுப்பு விட்டால் முக்கால் அத்தியாயம் போச்சு. கோடைக்காலத்தில் இதையே எட்டு வாரத்தில் அடைப்பார்கள், அதில் சேராதீர்கள்.

ஆன்லைன் பற்றி: பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு எடுக்கும் முதல் வகுப்பை நேரில் எடுப்பதே நல்லது. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். பேப்பரில் கை வைக்கும்போதுதான் குறி எங்கே தொலைந்தது என்று தெரியும், அதைப் பக்கத்தில் இருந்து காட்ட ஆள் வேண்டும். மாலை வகுப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் இலவச டியூட்டரிங் மையத்துக்கு முதல் வாரமே போய்வாருங்கள். நடுத்தேர்வுக்குப் பிறகு அங்கே கூட்டம். ஆன்லைன்தான் ஒரே வழி என்றால், தேர்வு கல்லூரியிலா, வீட்டில் கேமரா முன்னாலா என்பதைச் சேரும் முன் கேட்டுவிடுங்கள்.

வீட்டுப்பாட மென்பொருளுக்குத் தனியாகப் பணம் போகலாம். மைலேப் மேத் என்றால் முதல் 14 நாள் தற்காலிக அனுமதியில் ஓட்டலாம். வகுப்பில் நிலைக்கிறோமா என்று தெரிந்த பிறகு பணம் கட்டி அனுமதிக் குறியீட்டை வாங்குங்கள். மைஓப்பன்மேத் என்றால் செலவே இல்லை. அதை உருவாக்கிய டேவிட் லிப்மன் இதே மாநிலத்தின் பியர்ஸ் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். கால்குலேட்டர் வாங்கும் முன் வகுப்பின் சிலபஸைப் படியுங்கள். டி.ஐ.-84 கட்டாயம் என்பவர்களும் உண்டு, தேர்வில் எதையுமே அனுமதிக்காதவர்களும் உண்டு.

எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதும் இல்லை. ஆனால் கூட்டரசின் கல்வி உதவித்தொகை கிடைக்காது. உள்மாநிலக் கட்டணமா வெளிமாநிலக் கட்டணமா என்பதில் பெரிய வித்தியாசம் வரும். விண்ணப்பத்தோடு வசிப்பிடப் படிவத்தையும், கணவருடைய விசா ஆவணம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

புள்ளியியலுக்குப் போக, இந்த வகுப்பில் வழக்கமாக 4.0-க்கு 2.0 தரப்புள்ளி கேட்பார்கள். முதல் தேர்வு கவிழ்ந்தால் கல்லூரி நாட்காட்டியில் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள், மதிப்பெண் பட்டியலில் ‘டபிள்யூ’ (விலகினார் என்ற குறி) மட்டும் விழும் கடைசி நாள். முதலாவது மிகச் சீக்கிரம் வந்துவிடும், பெரும்பாலும் முதல் தேர்வின் மதிப்பெண் கைக்கு வருவதற்கு முன்பே. ஆகவே முதல் வாரத்தின் வீட்டுப்பாடத்தை வைத்தே முடிவெடுங்கள். அது ஐந்து மணி நேரத்துக்கு மேல் இழுத்து, தவறுகள் எல்லாம் பின்னத்திலேயே விழுந்திருந்தால், பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு படி கீழான வகுப்பில் உடனே இடம் கேளுங்கள்.