துணிக்கடையில் கொடுத்த மொபைல் நம்பருக்கு ஓயாமல் விளம்பரம் வருகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் போவதா, தரவுப் பாதுகாப்புச் சட்டமா?

இரண்டும் வேறு வேறு கதவுகள். டிராய் பார்ப்பது அழைப்பையும் எஸ்எம்எஸ்ஸையும்தான். நம்பர் எப்படிக் கைமாறியது என்பது அதன் வேலையில்லை.

முதலில் 1909-க்கு அழைத்து டிஎன்டி, அதாவது ‘விளம்பரம் வேண்டாம்’ என்று பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் வந்தால், வந்த 7 நாளுக்குள் அதே எண்ணிலோ டிராயின் டிஎன்டி செயலியிலோ புகார் கொடுங்கள். வந்த தேதியும் அனுப்பிய எண்ணும் வேண்டும், ஆகவே மெசேஜை உடனே அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வருவதற்கு இது செல்லாது. பெரிய ஓட்டையே அதுதான்.

நம்பரைக் கடை வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் அது 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன; முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் உண்டு. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். ஆனால் அது அரசு கஜானாவுக்கு, உங்களுக்குச் சல்லிக்காசு வராது.

பில் போடும் இடத்தில், பின்னால் நாலு பேர் காதில் விழ, “நம்பர் சொல்லுங்க சார்” என்பார்கள். “வேண்டாம், பில் மட்டும் போடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாதென 2023 மே மாதமே நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.