சிறுவர் இல்லத்துப் பிள்ளைக்கு மனநலக் குளிசை கொடுக்கிறார்கள் என்றால் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆண் பிள்ளைகள் இல்லத்தில் ஆறு வருடம் பராமரிப்பாளராக இருந்தேன். டொக்டர் இல்லை, எந்தக் குளிசை நல்லது என்று என்னிடம் கேட்க வேண்டாம். பிள்ளையோடு கிளினிக்குக்குப் போவது யார் என்பதை முதலில் பாருங்கள்.

வீட்டுப் பிள்ளை என்றால் தாய் போவா. இரவில் பக்கத்தில் படுத்தவ அவதானே. இல்லத்தில் அன்றைக்கு யாருக்கு டியூட்டியோ அவர் கிளினிக் கொப்பியோடு பஸ் ஏறுவார். "இரவில கத்துறான் டொக்டர், மற்றப் பெடியளுக்கும் அடிக்கிறான்." அவ்வளவுதான் சொல்லத் தெரியும். அரைக் குளிசை முழுக் குளிசையாகிவிடும்.

எங்களிடம் பத்து வயதுப் பெடியன் ஒருவன் இருந்தான். அவனுக்கு ரிஸ்பெரிடோன் என்ற மனநலக் குளிசை கூடியது இப்படித்தான். அது வயல் விளைந்திருந்த நேரம். யானை இறங்கினால் ஊரார் வெடி கொளுத்துவார்கள். வெடி கேட்ட இரவுகளில்தான் அவன் கத்தியிருக்கிறான். சமையல் அக்காவுக்கு அது தெரியும், அவவை ஒருவரும் கேட்கவில்லை. நானே இரண்டு தரம் கிளினிக்குக்குப் போனவன், எனக்கும் உறைக்கவில்லை. மூன்று மாதத்தில் பள்ளிக் காற்சட்டையின் கொக்கி பூட்டவில்லை. சாப்பிட்டு முடித்த கையோடு திரும்பவும் கோப்பையை நீட்டுவான். முதல் பாடத்திலேயே தூங்கிவிடுகிறான் என்று ரீச்சர் சொல்லி அனுப்பினா. நாங்களோ, "பெடியன் இப்ப நல்ல அமைதி" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த கிளினிக்குக்கு அக்காவையே அனுப்பினோம். டொக்டர் முழுக்கக் கேட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இதை வாசித்துவிட்டு நீங்களாகக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள், சில மருந்துகளைச் சடாரென்று விட்டால் வேறு கரைச்சல் வரும்.

அப்புறம் ஒரு 80 பக்கக் கொப்பி வைத்தோம். குளிசை கொடுத்த நேரம், கொடுத்தவர் கையெழுத்து, இரவு எப்படி, மாதம் ஒருமுறை நிறை. ரிஸ்பெரிடோன் பசியையும் நிறையையும் கூட்டும், இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் பார்க்க வேண்டும். கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் மெதில்பெனிடேட் நேர்மாறு, பசியைக் குறைக்கும். அதற்கு உயரம், நிறை, நாடித்துடிப்பு, பிரஷர் பார்க்க வேண்டும். பிள்ளையை வேறு இல்லத்துக்கு மாற்றினால் கொப்பியும் கூடவே போக வேண்டும்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2011இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் ஐந்து மாநிலங்களில் பார்த்தபோது, அரச மருத்துவ உதவி பெறும் மற்றப் பிள்ளைகளைவிட வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு இந்த மருந்துகள் 2.7 முதல் 4.5 மடங்கு வரை கூடுதலாக எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவில் அப்படியான பிள்ளைக்கு இந்த மருந்து தொடங்க, பொதுவாக நீதிபதியின் அனுமதி வேண்டும்.

நீங்கள் உறவினர் என்றால், எதற்காகக் கொடுக்கிறார்கள், எவ்வளவு காலம், கடைசியாக எப்போது நிறை பார்த்தார்கள் என்று இல்லத்தில் கேளுங்கள். மழுப்பினால் பிள்ளைக்குப் பொறுப்பான நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போங்கள். அதுவும் சரிவரவில்லையா, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.