அணைக்குள்ளே ஊர் இருந்ததா?

கேள்வி: மேட்டூரில் தண்ணீர் வற்றினால் நந்தி தெரிகிறது என்று டிவியில் காட்டுகிறார்களே, நிஜமாகவே உள்ளே ஊர் இருந்ததா? எங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் என்பதால் கேட்கிறேன்.
– வாசகி, ஒரத்தநாடு

பதில்: ஒன்றல்ல, பல ஊர்கள். 1925-ல் தொடங்கி 1934-ல் அணையைக் கட்டி முடித்தபோது, அங்கிருந்தவர்கள் வீடு, வயல், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேட்டுப் பக்கம் போனார்கள். அணை நீர் தேங்கும் பண்ணவாடி பக்கம் நீர்மட்டம் இறங்க இறங்க, முதலில் பழைய தேவாலயக் கோபுரம், அப்புறம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி என்று ஒவ்வொன்றாகத் தலை காட்டும். நாம் இங்கே 'ஐயோ, முழு மட்டமான 120 அடியில் பாதிகூட இல்லையே, குறுவை நெல் என்னாகும்' என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் அதே நாட்களில், அங்கே கரையோரத்துக்காரர்கள் வெளியே வந்த வண்டல் மண்ணை உழுது விதைத்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் ஏறிவிட்டால் பரிசலும் வலையும்தான். நமக்குப் பஞ்சம், அவர்களுக்கு வெள்ளாமை, வேடிக்கைதான்!

உங்கள் ஒரத்தநாட்டுக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. கல்லணைக் கால்வாயை இன்றும் 'புது ஆறு' என்றுதானே சொல்கிறோம்? அது மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியது. பழைய காவிரிப் பாசனம் எட்டாத பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் காவிரித் தண்ணீரில் நெல் விளைந்தது அதற்குப் பிறகுதான். ஆக, அங்கே ஊர் முழுகிய தண்ணீரில்தான் இங்கே பல ஊர் நிமிர்ந்தது. வழக்கமாக மேட்டூரைத் திறக்கும் ஜூன் 12 என்றால் நாம் பார்ப்பது மதகை மட்டும்தான், முழுகிய அந்த ஊர்களை அல்ல.