லினக்ஸில் வைஃபை வரவில்லையா? லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டு பற்றிக் கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். என் மேசையில் ஓடுவதும் லினக்ஸ்தான். லினக்ஸ் போட்டுப் பார்த்த பிள்ளைகள் முதலில் முட்டி நிற்கும் இடம் வைஃபை. இரண்டு நாள் போராடிவிட்டு, "இது நமக்கு ஒத்துவராது" என்று அழித்துவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் தீரக்கூடிய விஷயத்துக்காக அப்படி விட்டுவிடுவது எனக்கு ரொம்பவே வருத்தம். அதனால் அக்கம்பக்கத்திலிருந்து வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் அடிக்கும்போது எல்லாம் சின்ன ஆங்கில எழுத்துகள்.

கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, உபுண்டு லினக்ஸ் போட்டேன். வைஃபை அடையாளமே காணோம். டிரைவர் இறக்கலாம் என்றால் அதற்கும் நெட் வேண்டும். வீட்டில் கேபிள் கனெக்‌ஷன் கிடையாது. மூன்று தடவை அழித்துப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

நான்காவது தடவை போடாதே தம்பி. கார்டை லினக்ஸோடு பேசவைக்கும் புரோகிராம்தான் டிரைவர், அதே டிரைவர்கள்தான் திரும்ப வரும்.

முதலில் நெட்டுக்கு வழி. உன் ஆண்ட்ராய்டு போனை சார்ஜ் கேபிளால் லேப்டாப்பில் செருகு. செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் யூஎஸ்பி டெதரிங் இருக்கும், அதைப் போடு. லினக்ஸுக்கு அது ஒரு கேபிள் கனெக்‌ஷன் மாதிரிதான் தெரியும், டிரைவர் எதுவும் தேவையில்லை. போன் பக்கத்து வீட்டு வைஃபையில் இருந்தாலும் அந்த நெட்டே கேபிள் வழியாக வந்துவிடும், மொபைல் டேட்டா செலவாகாது. சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிள் என்றால் வேலை செய்யாது, டேட்டா போகும் கேபிளாக எடு.

அப்புறம் டெர்மினலில் எல்-எஸ்-பி-சி-ஐ, ஒரு இடைவெளி, மைனஸ், என்-என்-கே என்று அடி. வரும் பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடு. கடைசியில் சதுர அடைப்புக்குள் நடுவே முக்காற்புள்ளி வைத்து ஒரு எண் இருக்கும். அதன் முன்பாதி யார் செய்த சிப் என்று சொல்லும். 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 168சி ஏதெராஸ், 14சி3 மீடியாடெக். லேப்டாப் மூடியில் இருக்கும் பெயரை வைத்து இது எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரே மாடலில் இந்த மாதம் இன்டெல் கார்டு இருக்கும், அடுத்த மாதம் ரியல்டெக் இருக்கும். என்னிடம் வருகிறவர்கள் மாடல் பெயரைத்தான் சொல்கிறார்கள். நான் கேட்பது இந்த எண்ணைத்தான்.

அந்த வரிக்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று ஒரு வரி இருக்கிறதா பார். இல்லை என்றால் டிரைவர் சேரவில்லை. இருந்தும் வைஃபை வரவில்லை என்றால் ஃபர்ம்வேர் இல்லை, அல்லது கார்டு பூட்டிக் கிடக்கிறது. ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள்ளேயே ஓடும் குட்டி புரோகிராம். கரண்ட் போனால் கார்டு அதை மறந்துவிடும், அதனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிரைவர் அதை டிஸ்கிலிருந்து எடுத்து ஊட்டவேண்டும். டி-மெசேஜ் கட்டளையில், அதாவது முன்னால் சூடோ (எஸ்-யூ-டி-ஓ, அட்மின் அனுமதியோடு ஓட்டச் சொல்லும் சொல்) போட்டு டி-எம்-இ-எஸ்-ஜி அடித்தால், ஃபர்ம்வேர் ஏறவில்லை என்று சொல்லி மைனஸ் 2 காட்டினால் அந்தக் கோப்பு டிஸ்கில் இல்லை என்று பொருள். லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற பேக்கேஜைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 2023-ல் வந்த 12-ஆம் பதிப்புக்கு முன்பு, தடையற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடிப் போடவேண்டியிருந்தது. இப்போது இன்ஸ்டாலரிலேயே வந்துவிடுகிறது.

வியாசர்பாடி, பாலிடெக்னிக் மாணவி: அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் சும்மா கிடக்கிறது. அதில் லினக்ஸ் போட்டால் வைஃபை வருமா அண்ணா?

போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்மா. லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப்பார். அதில் வைஃபை பிடித்தால் போட்ட பிறகும் பிடிக்கும். 2011-ல் அந்தத் திட்டம் தொடங்கியபோது சில தொகுப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். அது நம் சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு கணினி ஆய்வு மையத்தில் டெபியனை வைத்துச் செய்தது. அதனால் லினக்ஸுக்கு அந்த மெஷின்கள் புதுசு இல்லை. பேட்டரி போயிருக்கும், ரேமைக் கூட்டவேண்டியிருக்கும். ஆனாலும் தூக்கிப்போட்டுவிடாதே.

மூலக்கடை, பி.எஸ்சி மாணவர்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். 14இ4, பின்பாதி 4365. பிராட்காம் டிரைவர் போட்டேன், பிழை இல்லாமல் முடிந்தது. ஆனால் வைஃபை வரவில்லை. சாவி நிராகரிக்கப்பட்டது என்கிற மாதிரி ஏதோ சொல்கிறது.

அது பிசிஎம்43142. பிராட்காம் 2010 செப்டம்பரில் சில சிப்புகளுக்குத் திறந்த மூல டிரைவர் கொடுத்தது, அந்தக் கணக்கில் இது வரவில்லை. அதனால் அவர்களுடைய மூடிய டிரைவரைத்தான் போடவேண்டும். அதன் பெயர் இரண்டே எழுத்து, டபிள்யூ-எல். உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் ஜன்னலிலும், மின்ட்டில் டிரைவர் மேனேஜரிலும் கிடைக்கும். நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய்.

தடுப்பது செக்யூர் பூட், அதாவது தெரியாத கையெழுத்து உள்ளதை ஓடவிடாத பூட்டு. இந்த டிரைவர் உன் மெஷினிலேயே கட்டப்படுகிறது. அதில் உன் மெஷினின் கையெழுத்துதான் இருக்கும், லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸுக்கு அந்தக் கையெழுத்து தெரியாது. அதனால்தான் போடும்போது உன்னிடம் ஒரு பாஸ்வேர்டு கேட்டது. அதை ஏதோ என்று அடித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்திருப்பாய். அப்போது நீலத் திரை ஒன்று வந்திருக்கும், பத்து நொடி எதையும் அழுத்தாவிட்டால் தானாகப் போய்விடும். முக்கியமான இடமே அதுதான். ஒரு விசையை அழுத்தி உள்ளே போய், என்ரோல் எம்ஓகே, கன்டின்யூ, யெஸ் கொடுத்து, அதே பாஸ்வேர்டை அடிக்கவேண்டும். தவறவிட்டால் எம்-ஓ-கே-யூ-டி-ஐ-எல் என்ற கட்டளையில் அந்தக் கையெழுத்துக்கான சாவிக் கோப்பை இம்போர்ட் செய்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை மறுபடி வரும். அது சிரமம் என்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடு. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். பூட்டை எடுத்துவிடுவதைவிடச் சாவியைப் பதிந்துவைப்பது நல்லது.

காசிமேடு, ஒரு மாணவியின் அப்பா: தம்பி, பொண்ணு லேப்டாப்பில் வைஃபை என்று காட்டுகிறது, ஆனால் ஆன் ஆகமாட்டேன் என்கிறது. பட்டனே எங்கேயும் இல்லை.

ஐயா, பாப்பாவிடம் சொல்லி ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல், இடைவெளி, எல்-ஐ-எஸ்-டி என்று அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு பூட்டு காட்டும். சாஃப்ட் என்ற இடத்தில் யெஸ் இருந்தால், அதே கட்டளையில் லிஸ்ட்டுக்குப் பதில் அன்பிளாக் ஆல் என்று கொடுத்தால் திறந்துவிடும். ஹார்டு என்ற இடத்தில் யெஸ் இருந்தால் கட்டளைக்குக் கேட்காது. மேல் வரிசையில் விமானமோ ஆன்டெனாவோ வரைந்த பட்டன் இருக்கும், அதை எஃப்என் பட்டனோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஓரத்தில் தள்ளும் சுவிட்ச் இருக்கிறதா என்று விரலால் தடவியும் பாருங்கள், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. சில மாடல்களில் சுவிட்சே இருக்காது, ஆனால் ஐடியாபேட்-லேப்டாப் என்ற மாட்யூல் (லினக்ஸின் மையமான கெர்னலோடு சேரும் துண்டு) இல்லாத சுவிட்சை அணைந்திருப்பதாகப் படித்துவிடும். அந்த மாட்யூலை பிளாக்லிஸ்ட்டில், அதாவது ஏற்றக்கூடாத பட்டியலில், சேர்த்தால் சரியாகும்.

எம்.கே.பி. நகர், கல்லூரி மாணவர்: விண்டோஸும் லினக்ஸும் இரண்டும் இருக்கு. லினக்ஸில் ஒரு நாள் வைஃபை வருது, ஒரு நாள் வரமாட்டேங்குது.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணை. அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, கார்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடும்.

ராயபுரம், பள்ளி ஆசிரியை: ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் நெட் வருகிறது. அடுத்த அறைக்குப் போனால் ஒரு கோடுகூட இல்லை. போனில் மாடிவரை நன்றாக வருகிறது. சிப் ஆர்டிஎல்8723பிஇ.

மேடம், எனக்கு ரொம்பப் பழக்கமான சிப் இது. இதில் ஆன்டெனா மாட்ட இரண்டு இடம் உண்டு. செலவைக் குறைக்கச் சில லேப்டாப்புகளில் ஒரே ஒரு ஒயரை மட்டும் மாட்டிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாமல் காலி இடத்தில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ரவுட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வருவது அதனால்தான்.

டிரைவரிடம் நாமே சொல்லிவிடலாம். முதலில் மோட்ப்ரோப் (எம்-ஓ-டி-பி-ஆர்-ஓ-பி-இ), இடைவெளி, மைனஸ் ஆர் கொடுத்து ஆர்டிஎல்8723பிஇ மாட்யூலைக் கழற்றுங்கள். பிறகு மோட்ப்ரோபிலேயே அந்த மாட்யூல் பெயரும், ஏ-என்-டி, கீழ்க்கோடு, எஸ்-இ-எல், சமக்குறி, 2 என்பதும் சேர்த்து ஏற்றுங்கள். சூடோ மறக்கவேண்டாம். சிக்னல் எழும்பவில்லை என்றால் 2-க்குப் பதில் 1. இரண்டில் ஒன்றில் கோடுகள் சட்டென்று நிறையும், கண்முன்னே பார்க்கலாம். எந்த எண் சரியோ அதை மோட்ப்ரோப்-டி ஃபோல்டரில் ஒரு கோப்பாக எழுதிவைத்தால் ரீஸ்டார்ட்டிலும் நிற்கும். இந்த ஒரு எண்ணுக்காகப் புது ரவுட்டர் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், நீங்கள் வாங்கிவிடாதீர்கள்.

திருவொற்றியூர், ஐடி ஊழியர்: புது லேப்டாப். ரியல்டெக் 8852பிஇ. டெபியன் 12 போட்டேன், கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை.

கார்டு புதுசு, கெர்னல் பழசு. அந்தச் சிப்புக்கான டிரைவர் கெர்னல் 6.2-ல்தான் சேர்ந்தது, டெபியன் 12-ல் இருப்பது 6.1. ஒரே படியில் தவறவிட்டிருக்கிறீர்கள். பழைய பதிப்புக்குப் புது பேக்கேஜ்கள் தரும் டெபியன் பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கெர்னலும் ஃபர்ம்வேரும் எடுங்கள், அல்லது 6.12 உள்ள டெபியன் 13-க்கு மாறுங்கள். உபுண்டு 24.04 என்றால் 6.8, அதிலும் வரும். கெர்னலிலேயே டிரைவர் இருக்கும்போது யாரோ எழுதிவைத்த சோர்ஸ் கோடை (மூல நிரலை) இறக்கிக் கட்டாதீர்கள். ஒரு கெர்னல் அப்டேட்டில் அது உடையும், அன்றைக்குப் பார்த்து உங்களுக்கு மீட்டிங் இருக்கும்.

பெரம்பூர், வீட்டிலிருந்து டியூஷன் எடுப்பவர்: வைஃபை வருகிறது, ஆனால் வகுப்பு நடுவே விட்டுவிட்டுப் போகிறது.

முதலில் பவர் சேவிங்கை அணைத்துப் பாருங்கள். பேட்டரியைக் காக்க கார்டு அடிக்கடி கண் மூடும், சில கார்டுகள் திரும்ப எழுவதற்குள் இணைப்பு விட்டுப்போகும். உபுண்டுவில் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்-டி ஃபோல்டரில் வைஃபை பவர்சேவ் கோப்பு இருக்கும். அதில் 3 என்றிருப்பதை 2 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 2 என்றால் அணை என்று அர்த்தம்.

அது உதவாவிட்டால் தெருவைப் பாருங்கள். நம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே சுவர், சுவருக்குச் சுவர் ஒரு ரவுட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும். கார்டு தாங்குமானால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அதில் இடம் அதிகம், சுவரைத் தாண்டுவது குறைவு, பக்கத்து வீட்டு இரைச்சலும் அவ்வளவாக உள்ளே வராது.

தண்டையார்பேட்டை, போட்டோகிராபர்: கார்டையே மாற்றிவிடலாம் என்று ரிச்சி தெருவில் இன்டெல் ஏஎக்ஸ்201 வாங்கி மாட்டினேன். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவில்லை. கார்டு டூப்ளிகேட்டா?

கார்டு நல்ல கார்டாகவே இருக்கும் பிரதர். ஏஎக்ஸ்201 பாதிக் கார்டுதான். மீதிப் பாதி இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது, அந்த ஏற்பாட்டுக்கு சிஎன்விஐ என்று பெயர். உங்கள் மெஷின் ஏஎம்டியாக இருந்தால், அல்லது பழைய இன்டெல்லாக இருந்தால், மறுபாதி கிடையாது. ஸ்லாட்டில் கச்சிதமாகப் பொருந்தும், திருகும் ஏறும், ஆனால் பேசாது. 9560, ஏஎக்ஸ்211 இரண்டும் இதே ரகம். ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 கேட்டு மாற்றி வாங்குங்கள், அவை முழுக் கார்டு. 200-க்கு கெர்னல் 5.1, 210-க்கு 5.10 போதும். சில பழைய லேப்டாப்புகளின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டை மாட்டினால் ஆன் ஆகவே மறுக்கும். வாங்கும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஆன்டெனா ஒயர்கள் இரண்டும் திரையைச் சுற்றி ஓடி, கீல் வழியாகக் கீழே வரும். நுனியில் மிளகு அளவு வட்டத் தகரம். அதை கார்டில் இருக்கும் பொத்தானுக்கு நேர் மேலே வைத்து, நகத்தால் தள்ளாமல் விரல் நுனியால் நேராக அழுத்துங்கள். டிக் என்று ஒரு உணர்வு வரும். சாய்ந்து அழுத்தினால் வட்டம் விரியும், அப்புறம் அது எந்தக் கார்டிலும் நிற்காது. கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம், உப்புக் காற்றில் அந்தத் தகரம் பச்சை பூத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய கார்டை எடுத்ததுமே ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள். சில நேரம் புதுக் கார்டே தேவைப்படாது.