தம்பி மேலே, அக்கா கீழே – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பல வருடம் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் இதைக் கேட்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. இருவரையும் ஓர் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கப் போனோம். எந்த லெவலில் போடுவது என்று பார்க்க ஒரு தேர்வு வைத்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், எதிரே ஓர் ஆசிரியை, கேள்வி கேட்டார். மகன் வாய் ஓயாமல் பேசினான். மகள் வாயே திறக்கவில்லை. அவனுக்கு இரண்டாவது லெவல், அவளுக்கு முதல் லெவல் என்று சொல்லிவிட்டார்கள். அவள் வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஆறு, ஏழு வயதுதான். இத்தனைக்கும் அவள் ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பாள், டிக்டேஷனில் ஒரு தப்பு வராது. மகன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். வீட்டுக்கு வந்ததும் "தம்பி மேல, நான் கீழயா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பள்ளியில் போய்ச் சண்டை போட்டு மேல் வகுப்புக்கு மாற்றச் சொல்லலாமா? இல்லை, அவர்கள் சொன்னதுதான் சரியா?

எம்.

*

அன்புள்ள எம்,

முதலில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள், இன்றைக்கே. "லெவல் என்பது அடுத்த மூன்று மாதம் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கப் போகிறோம் என்பது மட்டும்தான். அது உனக்குப் போட்ட மார்க் இல்லை. டீச்சருக்கு உன் குரல் இன்னும் கேட்கவில்லை, இன்னொரு தடவை போய்க் கேட்கவைப்போம்." இவ்வளவு போதும். தம்பியோடு ஒப்பிட்டு எதுவும் சொல்ல வேண்டாம், ஆறுதலுக்காகக்கூட.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பிள்ளைகள் இருவரையுமே தப்பான இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் தெரியவந்தது யாருக்குக் கூச்சம் இல்லை என்பது. யாருக்கு எவ்வளவு ஆங்கிலம் வரும் என்பது அதில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

அந்த ஆசிரியையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அந்த நாற்காலியில் வருடக்கணக்காக உட்கார்ந்தவன். எதிரே ஒரு குழந்தை, மேஜையில் நாலு படம், வெளியே பெஞ்சில் பெற்றோர், வரிசையில் இன்னும் எட்டுப் பேர். "வாட் இஸ் யுவர் நேம்?" என்று ஆரம்பிப்போம். பதில் வராவிட்டால் நமக்கே ஒரு பதற்றம் வந்துவிடும். அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று போய்க்கொண்டே இருப்போம். ஐந்து கேள்விக்கும் பதில் இல்லை என்றால் பேனா தானாக "முதல் லெவல்" என்று எழுதிவிடும். நான் அப்படி எழுதியிருக்கிறேன். அதில் சில பிள்ளைகளுக்கு அநியாயம் நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு பையனிடம் அதைக் கற்றுக்கொண்டேன். எட்டு வயது இருக்கும். பெயரைக் கேட்டதற்கும் பதில் இல்லை. சரி என்று கேள்விகளை விட்டுவிட்டு, "கிவ் மீ தி ரெட் பென்சில்" என்றேன். எடுத்துக் கொடுத்தான். "புட் தி புக் அண்டர் தி சேர்" என்றேன். எழுந்து போய் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அப்புறம் ஒரு தாளில் நாய் வரைய ஆரம்பித்தேன். "ஒன், டூ, த்ரீ..." என்று கால்களை எண்ணிக்கொண்டே ஐந்தாவது காலையும் போட்டேன். அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நோ" என்றான். நான் நிமிரவில்லை. "ஃபோர். எ டாக் ஹேஸ் ஃபோர் லெக்ஸ்" என்றான், கொஞ்சம் கோபமாகவே. அந்த "ஹேஸ்" என்ற சொல்லைப் பாருங்கள். முதல் லெவல் பிள்ளைகள் பெரும்பாலும் "ஹேவ்" என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருடம் படித்தவர்களே அதில் தடுமாறுவார்கள். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் அந்த வாக்கியம் என் காதில் விழுந்திருக்காது.

புது மொழிக்குள் வரும் குழந்தைகளில் நிறையப் பேர் கொஞ்ச நாள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆசிரியர்கள் இதை "மௌன காலம்" என்பார்கள். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும், வெளியே தெரியாது. சிறுவர்களுக்காக நன்றாக யோசித்துச் செய்த தேர்வுகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சிறுவர்களுக்கு நடத்தும் "ஸ்டார்ட்டர்ஸ்" ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதியே படத்தைத் தொட்டுக் காட்டுவதிலும், சின்ன அட்டைகளைச் சொன்ன இடத்தில் வைப்பதிலும்தான் தொடங்குகிறது. அதற்குமேல் உள்ள "மூவர்ஸ்", "ஃப்ளையர்ஸ்" தேர்வுகளையும் சேர்த்து மூன்றிலுமே பாஸ், ஃபெயில் கிடையாது. சான்றிதழில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கேடயங்கள் போட்டுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. சில பள்ளிகளில் பேச்சே கிடையாது. சரியானதைத் தேர்ந்தெடு என்று நாற்பது கேள்வித் தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலே சராசரியாகப் பத்து சரியாக வரும். பன்னிரண்டு எடுத்தால் இரண்டாவது லெவல் என்று வைத்திருந்தால், அந்த லெவல் அதிர்ஷ்டத்தில் கிடைத்தது என்றே சொல்லலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. "கடகடவென்று வாசிப்பாள்" என்பதை வைத்து மட்டும் அவளை மேலே போடச் சொல்லாதீர்கள். சத்தமாக வாசிப்பது வேறு, புரிந்து படிப்பது வேறு. ஒரு பெண்குழந்தை என்னிடம் ஒரு பத்தியை வானொலியில் செய்தி வாசிப்பதுபோல வாசித்தாள். உச்சரிப்பில் குறையே இல்லை. வாசித்து முடித்ததும் "ஹூ லாஸ்ட் தி பேக்?" என்று கேட்டேன். கேள்வி புரியாமல் முதல் வரியில் விரலை வைத்து மறுபடியும் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். அழகான குரலைக் கேட்டு அவளை மூன்றாவது லெவலில் போட்டிருந்தால் முதல் வாரமே மூழ்கியிருப்பாள்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அவள் இதுவரை பார்க்காத ஒரு கதைப் புத்தகத்தில் நூறு சொல் அளவு ஒரு பக்கத்தை எடுங்கள். மனசுக்குள் படிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு அடியில் மெல்லிசாகப் பென்சில் கோடு போடச் சொல்லுங்கள். நூறில் இரண்டு மூன்று கோடு விழுந்தால் அவள் தனியாகவே படித்துக்கொள்வாள். ஐந்தாறு என்றால் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். பத்துக்கு மேல் என்றால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்கள், யார் துணையும் இல்லாமல் புரிந்து படிக்க நூறில் 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் அனுபவத்திலும் அது ஏறக்குறையச் சரியாகத்தான் வந்திருக்கிறது. படித்து முடித்ததும் என்ன நடந்தது என்று தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் கூச்சம் குறுக்கே வந்துவிடும். புரிந்ததா என்பதைத்தானே நாம் பார்க்கிறோம்.

அப்புறம் வயது. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஒன்பது வயதுப் பிள்ளையை ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைக்கவே கூடாது, அவளுக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாவிட்டாலும். ஆறு வயது வகுப்பு பாட்டும் ஆட்டமும் வண்ணம் தீட்டுவதுமாக இருக்கும். அந்த வயதுக்கு அதுதான் சரி. அங்கே இவள் ஆங்கிலம் கற்றுக்கொள்வாளோ இல்லையோ, தான் மக்கு என்பதைக் கற்றுக்கொண்டுவிடுவாள். தவிர, பெரிய பிள்ளைகள் வகுப்பறையில் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். சின்ன வயதில் ஆரம்பித்தால்தான் மொழி சீக்கிரம் வரும் என்று நாம் நினைக்கிறோம். பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் குழுவினர் வெவ்வேறு வயதில் ஆங்கில வகுப்பைத் தொடங்கிய மாணவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2006-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். ஒரே அளவு மணி நேரம் படித்தவர்களை ஒப்பிட்டால், பிந்தித் தொடங்கியவர்களே முன்னால் இருந்தார்கள். ஒன்பது வயதுக்காரிக்கு "நேற்று நடந்ததைச் சொல்லும்போது வினைச்சொல் மாறும்" என்று ஒருமுறை விளக்கினால் பிடித்துக்கொள்வாள். ஆறு வயதுக்காரனுக்கு அந்த விளக்கமே புரியாது. கேட்டுக் கேட்டுத்தான் அவனுக்கு வர வேண்டும். இந்த இருவரையும் ஒரே வேகத்தில் நடத்த எந்த ஆசிரியராலும் முடியாது.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது "மேல் லெவலுக்கு மாற்றுங்கள்" என்பதில்லை. "எட்டு, ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இருக்கும் ஆரம்ப வகுப்பு உங்களிடம் உண்டா?" என்று கேளுங்கள். இருந்தால் அதில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால், வயதுக்கேற்ற வகுப்பில் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் பரவாயில்லை, முதல் மாதம் தனியாகக் கொஞ்சம் உதவி கிடைக்குமா என்று கேளுங்கள். இதுவும் முடியாது, ஆறு வயது வகுப்புதான் என்றால், வேறு பள்ளி பாருங்கள். தயங்காமல் சொல்கிறேன்.

லெவல் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பள்ளியின் இரண்டாவது லெவல் இன்னொரு பள்ளியில் முதல் லெவலாக இருக்கும். எண்ணைக் கேட்காதீர்கள். புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் அது எந்தப் படி என்றும் கேளுங்கள். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிகளை வைத்துத்தான் பெரும்பாலான பாடப்புத்தகங்கள் தங்கள் இடத்தைச் சொல்கின்றன. அந்த அளவுகோல் பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஏ1-க்குக் கீழே உள்ள படிக்கான விவரங்கள் பின்னால்தான் சேர்ந்தன. குழந்தைகள் வருடக்கணக்கில் நிற்பதே அந்தக் கீழ்ப்படிகளில்தான். பூஜ்யத்திலிருந்து இரண்டாவது படியான ஏ2-க்கு வர ஏறக்குறைய 180 முதல் 200 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தரும் தோராயக் கணக்கு. வாரம் 2 மணி நேரம், வருடத்துக்கு 40 வாரம் என்றால் 80 மணி நேரம்தான் ஆகிறது. ஆக, இரண்டு வருடத்துக்கு மேல். இந்தக் கணக்கு தெரிந்தால் மூன்று மாதத்தில் அடுத்த லெவல் வரவில்லையே என்று பதறமாட்டீர்கள்.

பள்ளியில் சண்டை வேண்டாம். மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் அதே கேள்வி–பதில் மேஜையில் வேண்டாம். அவள் வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் மூன்று நாள் உட்காரவைத்து, மூன்றாவது நாள் அந்த வகுப்பு ஆசிரியரே சொல்லட்டும். முதல் நாள் யாரும் பேசமாட்டார்கள், இரண்டாம் நாள் பக்கத்துப் பிள்ளையோடு பேசுவார்கள். மூன்றாம் நாள் ஜோடி ஜோடியாக விளையாடும்போது ஆசிரியர் பின்னால் நின்று காது கொடுத்தால் போதும். நல்ல ஆசிரியர் வேறு ஒன்றையும் கவனிப்பார்: ஏதாவது வேடிக்கையாகச் சொன்னதும் அவள் உடனே சிரிக்கிறாளா, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாளா என்று. பின்னது என்றால் வகுப்பு அவளுக்குச் சற்று மேலே இருக்கிறது. எழுதச் சொன்னதும் பக்கத்து நோட்டைப் பார்ப்பதும், வகுப்பு நாளில் மட்டும் வயிறு வலிப்பதும் அதே ரகம்தான். மாறாக, எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டுப் பென்சில் பாக்ஸைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் வகுப்பு அவளுக்குக் கீழே இருக்கிறது.

கடைசியாகத் தம்பி. அவனைப் பற்றி நீங்கள் கவலைப்படவே இல்லை, எனக்கு அவன் மேலும் கவலை உண்டு. பேசத் தெரிவதும் படிக்கத் தெரிவதும் ஒன்றாக வளர்வதில்லை. கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், விளையாட்டு மைதானத்துப் பேச்சு வேறு, பாடத்துக்கு வேண்டிய மொழி வேறு என்று 1979-லேயே பிரித்துக் காட்டினார். முன்னது ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும், பின்னதற்கு ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம் என்பது அவர் சொன்னது. பேச்சைக் கேட்டு இரண்டாவது லெவலில் உட்காரவைத்த பிள்ளைக்கு முன்னால் அந்த லெவல் புத்தகம் திறந்து வைக்கப்படும்போது என்ன ஆகும்? ஆறு வயதில் எழுத்துக்கூட்டிப் படிப்பது சாதாரணம்தான், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வகுப்பில் மற்றவர்கள் வாக்கியம் வாக்கியமாகப் படித்தால், நன்றாகப் பேசுகிற பையன் மெல்ல மெல்ல வாயை மூடிக்கொள்வான். அவன் புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் எத்தனை வரி இருக்கிறது, அதில் எத்தனையை அவனால் உதவியில்லாமல் படிக்க முடிகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அவனை அங்கேயே வைத்திருப்பதா என்பதை அப்போது சொல்கிறேன்.

அன்புடன்